உயிர்பிழைப்பு எழுத்தில் பதற்றம்

உயிர்பிழைப்பு எழுத்து என்பது மலை, கடல், பனிவெளி, பாலை, வதைமுகாம் போன்ற சூழல்களில் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டவர்களின் பட்டறிவைக் கூறும் புனைவல்லாத எழுத்துவகை ஆகும். மீண்டவரே எழுதியவை, மீண்டவர் கூறக்கேட்டுப் பிறர் எழுதியவை, நேர்காணல்களையும் ஆவணங்களையும் கொண்டு பின்னாளில் தொகுக்கப்பட்டவை என இவை பலவாறாக அமைகின்றன. இத்தகைய நூலைப் படிக்கும்போது அடுத்த வரியில் என்ன நேருமோ என்று வாசகருக்கு ஏற்படும் மன இறுக்கமே இங்குப் பதற்றம் எனப்படுகிறது. நிகழ்வு கொடியது என்பதனால் மட்டும் இது தோன்றிவிடுவதில்லை. பெரும் விபத்துகளைப் பற்றிய சலிப்பூட்டும் நூல்களும் உள்ளன. வினையின் காலம், வாக்கியத்தின் நீளம், எண்கள், கூறுபவரின் நோக்குநிலை, சொல்லாமல் விடப்படுபவை ஆகியன சேர்ந்தே பதற்றத்தை உருவாக்குகின்றன. எனினும் இவை உண்மை மனிதர்களைப் பற்றிய நூல்கள். ஆதலால் மொழி உத்தி ஒவ்வொன்றும், இது இவ்வாறுதான் நடந்தது என்ற ஓர் உறுதிமொழியாகவும் ஆகிவிடுகிறது.

முடிவு தெரிந்த கதை

துப்பறியும் புதினத்தில் முடிவை மறைத்து வைக்கலாம். உயிர்பிழைப்பு எழுத்தில் அதற்கு வழியில்லை. தன்மையில் எழுதப்பட்ட நூலைக் கையில் எடுத்தவுடனேயே எழுதியவர் பிழைத்துக்கொண்டார் என்பது தெரிந்துவிடுகிறது. சில நூல்கள் இதை மறைக்க முயல்வதும் இல்லை. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், லூயிஸ் அலெகான்ட்ரோ வெலாஸ்கோ என்ற கடற்படை வீரரின் அனுபவத்தை 1955-ல் எல் எஸ்பெக்டாதோர் நாளிதழில் 14 பகுதிகளாக எழுதினார். 1970-ல் அது நூலாக வந்தபோது, அவர் உணவும் நீருமின்றித் தெப்பத்தில் பத்து நாட்கள் மிதந்ததும், நாட்டின் வீரராகக் கொண்டாடப்பட்டதும், விளம்பரங்களால் பணம் ஈட்டியதும், பின்னர் அரசால் வெறுக்கப்பட்டு மறக்கப்பட்டதும் ஆகிய அனைத்தும் அதன் நீண்ட தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தன. கதையில் மறைப்பதற்கு ஒன்றுமே மீதமில்லை. ஆயினும் அந்நூலைப் படிப்போர் தெப்பத்தின் ஒவ்வோர் இரவையும் பதற்றத்துடனேயே கடக்கின்றனர்.

எனவே பதற்றத்தின் ஊற்று "பிழைப்பாரா" என்ற கேள்வி அன்று. வாசகரின் அறிவை, அந்தக் கணத்தில் அகப்பட்டிருந்தவர் அறிந்திருந்த அளவுக்குச் சுருக்குவதே அதன் ஊற்று எனலாம். எழுதும் மேசையில் அமர்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும். பனிப்பிளவுக்குள் கிடந்தவருக்கு அடுத்த அடி தெரியாது. முன்னவர் பின்னவரின் அறியாமைக்குள் மீண்டும் நுழைந்து, பின்னாளில் பெற்ற அறிவை வெளியே விட்டுவிட வேண்டும். "பிற்பாடுதான் தெரிந்தது" என்ற ஒரு தொடர் போதும், வாசகர் பனிப்பிளவிலிருந்து மேசைக்குத் திரும்பிவிடுவார்.

சியுலா கிராண்டே

இதற்கு மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் நூல் ஜோ சிம்ப்சன் எழுதி 1988-ல் வெளிவந்த "டச்சிங் த வாய்ட்" ஆகும். 1985-ல் சிம்ப்சனும் சைமன் யேட்ஸும் பெரு நாட்டின் உவாய்உவாஷ் மலைத்தொடரில் உள்ள 6,344 மீட்டர் உயரமான சியுலா கிராண்டே மலையின் மேற்கு முகத்தில் முதன்முறையாக ஏறி உச்சியை அடைந்தனர். இறங்கும்போது சிம்ப்சனின் வலது கால் முறிந்தது. கீழ்க்கால் எலும்பு முழங்கால் மூட்டுக்குள் ஏறிவிட்டது. அந்த உயரத்தில், உதவிக்கு எவருமற்ற மலையில், இது பொதுவாகச் சாவுக்கு நிகரான காயம்.

யேட்ஸ் அவரைக் கைவிடவில்லை. இரண்டு கயிறுகளை முடிச்சிட்டு ஏறத்தாழ 90 மீட்டர் நீளமாக்கி, பனியில் குழி தோண்டி அதில் அமர்ந்துகொண்டு, சிம்ப்சனைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கினார். கயிற்றின் நடுவே இருந்த முடிச்சு, கயிற்றைத் தடுத்துப் பிடிக்கும் தகட்டின் வழியே செல்லாது. ஆகவே முடிச்சு தகட்டை நெருங்கும்போதெல்லாம் கீழே இருப்பவர் நல்ல காலில் எழுந்து நின்று கயிற்றின் சுமையைக் குறைக்க வேண்டும்; அந்த இடைவெளியில் மேலே இருப்பவர் முடிச்சைத் தகட்டின் மறுபுறம் மாற்ற வேண்டும். புயலில் குரல் கேட்காது என்பதால் கயிற்றை இழுத்துச் சைகை செய்துகொண்டனர்.

நூலின் இப்பகுதியை ஒரு பொறியியல் கையேடு போலவும் படிக்கலாம். சிம்ப்சன் இங்கு அச்சத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கயிறு, முடிச்சு, தகடு, சைகை ஆகியவை எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பொறுமையாக விளக்குகிறார். முறை பலமுறை சரியாக இயங்குவதைக் காட்டுகிறார். வாசகர் அதைக் கற்றுக்கொள்கிறார். அது எங்கே உடையக்கூடும் என்பதையும் தம்மையறியாமல் கற்றுக்கொள்கிறார். பிறகு இருளில் சிம்ப்சன் ஒரு பனிச்செங்குத்தின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்குகிறார். முடிச்சு தகட்டை நெருங்குகிறது. எழுந்து நிற்கக் கால்களுக்குக் கீழே தரை இல்லை. இந்நிலையின் பொருளை நூலாசிரியர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாசகர் தாமே கணக்கிட்டுவிடுவார். கலைச்சொற்கள் வாசிப்பைத் தடைசெய்யும் என்று எழுத்துப் பயிற்சி நூல்கள் கூறுவதுண்டு. இங்கு நிகழ்வது அதற்கு நேர்மாறானது. முறையை அறியாத வாசகருக்கு அதன் முறிவு வெறும் செய்தி. அறிந்தவருக்கு அது பேரிடர்.

சிம்ப்சன் உறைந்த விரல்களால் கயிற்றில் மேலேற முயன்று தோற்றார். மேலே யேட்ஸின் பனிக்குழி சரிந்துகொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து விழும் நிலை வந்தபோது யேட்ஸ் கத்தியால் கயிற்றை அறுத்தார். சிம்ப்சன் கீழே இருந்த பனிப்பிளவுக்குள் விழுந்து, அதனுள் இருந்த ஒரு பனித்திட்டில் தங்கினார். மறுநாள் அப்பிளவைக் கண்ட யேட்ஸ், நண்பர் இறந்துவிட்டார் என முடிவுசெய்து முகாமுக்குத் திரும்பினார்.

நூலின் அமைப்பில் முதன்மையான முடிவு இங்கேதான் எடுக்கப்பட்டுள்ளது. யேட்ஸின் பகுதிகள் அவருடைய தன்மைக் குரலில், சாய்வெழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. யேட்ஸ் கூறியவற்றைக் கொண்டு சிம்ப்சனே அவற்றை எழுதினார். இதனால் ஒரே கயிற்றின் இரு முனைகளும் இரண்டு வெவ்வேறு அறியாமைகளாக வாசகருக்குக் கிடைக்கின்றன. கீழே இருப்பவருக்கு மேலே என்ன நடக்கிறது என்பது தெரியாது. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் ஏன் சுமையைக் குறைக்கவில்லை என்பது தெரியாது. இரண்டையும் அறிந்தவர் வாசகர் மட்டுமே. அவரால் எவருக்கும் சொல்ல முடியாது.

பிளவுக்குள் சிம்ப்சன் கயிற்றை இழுக்கிறார். அதன் மறுமுனையில் நண்பரின் உடல் இருக்கும் என்று எண்ணியே இழுக்கிறார். கயிறு எதிர்ப்பின்றி வந்துகொண்டே இருக்கிறது. இறுதியில் கையில் கிடைப்பது அறுபட்ட முனை. அம்முனையைப் பற்றிய விளக்கம் மிகச் சுருக்கமானது. நீண்ட உணர்ச்சிப் பெருக்கு ஒன்றை அங்கு எழுதியிருந்தால் கயிற்றின் முனை செய்யும் வேலை கெட்டிருக்கும்.

மேலே ஏற முடியாதவர் பிளவின் ஆழத்தை நோக்கி இறங்கி, அங்கிருந்து வெளியேறும் பனிச்சரிவு ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னர் மூன்று நாட்கள் உணவின்றி, ஏறத்தாழ நீருமின்றி, 8 கிலோமீட்டர் தொலைவை ஊர்ந்தும் நொண்டியும் கடந்து, மற்றவர்கள் புறப்படவிருந்த சில மணிநேரங்களுக்கு முன் முகாமை அடைந்தார். ஊர்தல் சலிப்பான செயல். மூன்று நாள் ஊர்தலை மூன்று நாள் போலவே எழுதினால் எவரும் படிக்கமாட்டார்கள். மூன்று வரிகளில் எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள். சிம்ப்சன் உண்மையில் தாம் செய்த ஒன்றையே உத்தியாகவும் பயன்படுத்தினார். எதிரே தெரியும் ஒரு பாறையைக் குறித்து, அதை 20 நிமிடத்தில் அடைய வேண்டும் என்று கைக்கடிகாரத்தில் கெடு வைத்துக்கொண்டார். எட்டு கிலோமீட்டர் பல சிறு போட்டிகளாக உடைகிறது. ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் கெடுவும் வெற்றியோ தோல்வியோ உண்டு. தம் மனம் இரண்டாகப் பிரிந்ததையும் அவர் விவரிக்கிறார். ஒருபுறம் கனவுகளிலும் நினைவுகளிலும் அலையும் மனம். மறுபுறம் தெளிவாக ஆணையிடும் ஒரு குரல். தனியாளாக இருப்பவரிடம் உரையாடல் இல்லை என்ற குறையை இக்குரல் நீக்கிவிடுகிறது.

இந்நூல் 1988-ஆம் ஆண்டின் போர்ட்மேன் டாஸ்கர் பரிசைப் பெற்றது. கெவின் மெக்டொனால்டு இயக்கிய ஆவணத் திரைப்படம் 2003-ல் வெளிவந்தது. அதில் உண்மை மாந்தர்கள் தொடக்கத்திலேயே காமிராவை நோக்கிப் பேசுகின்றனர். அதாவது இருவரும் உயிருடன் இருப்பது முதலிலேயே காட்டப்படுகிறது. பதற்றம் குறைந்ததாக யாரும் குறைகூறியதாகத் தெரியவில்லை.

காலமும் வினையும்

2003 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புளூஜான் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பிளவொன்றில் தனியே இறங்கிக்கொண்டிருந்த ஆரோன் ரால்ஸ்டனின் வலது கை, புரண்டு விழுந்த பாறைக்கும் சுவருக்கும் இடையே சிக்கியது. தாம் எங்கே செல்கிறோம் என்பதை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. 127 மணிநேரத்துக்குப் பின், முன்கை எலும்புகளை முறித்து, மழுங்கிய சிறு கத்தியால் கையை அறுத்துக்கொண்டு அவர் வெளியேறினார். 2004-ல் வெளிவந்த அவருடைய நூலையொட்டி டேனி பாயில் இயக்கிய "127 ஹவர்ஸ்" திரைப்படம் 2010-ல் வந்தது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த படம் என்பதால் தமிழ் வாசகர் பலருக்கு இந்நிகழ்வு அறிமுகமானது எனலாம்.

பாறை விழும் பகுதியை ரால்ஸ்டன் நிகழ்காலத்தில் எழுதினார். உண்மையில் அது சில நொடிகளில் முடிந்த நிகழ்வு. எழுத்தில் அது பல படிகளாகப் பிரிக்கப்படுகிறது. பாறை அசைகிறது, கால்கள் தொங்குகின்றன, தலைக்கு மேல் நிழல் விழுகிறது, கைகள் உயர்கின்றன, ஒரு கை சிக்குகிறது, வலி பிந்தி வருகிறது. நொடிகள் பத்திகளாக விரிகின்றன. இதற்கு மாறாக, அதன்பின் சென்ற மணிநேரங்கள் சில வரிகளில் கடக்கப்படுகின்றன. கடிகாரத்தில் குறைந்த நேரம் தாளில் அதிக இடத்தைப் பிடிக்கும்போது வாசகருக்கு நேரம் மெதுவாவதுபோல் தோன்றுகிறது. பேரிடரில் அகப்பட்டோர் பலர் நேரம் மெதுவானதாகக் கூறுவதுடன் இது பொருந்தி வருவதால் செயற்கையாகவும் தெரிவதில்லை.

நிகழ்காலம் எளிதில் கிடைக்கும் கருவி. அதனாலேயே மிகையாகப் பயன்படுத்தப்படுகிறது. நூல் முழுவதும் நிகழ்காலமாக இருந்தால் அது வெறும் பழக்கமாகி வலுவிழந்துவிடும். இறந்தகாலத்தில் செல்லும் எழுத்து ஒரு கட்டத்தில் மட்டும் நிகழ்காலத்துக்கு மாறும்போதே அது உறைக்கிறது.

இங்குத் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் கருதத்தக்க சில உண்டு. விரைவு தோன்றுவதற்காக, இன்னும் நிகழாததை நிகழ்ந்து முடிந்ததாகக் கூறும் காலமயக்கத்தைத் தொல்காப்பியம் வினையியலில் ஏற்கிறது. உண்டுகொண்டிருப்பவர், அழைக்கும் நண்பருக்கு "இதோ வந்துவிட்டேன்" என்பது இத்தகையது. ஆங்கிலம் விரைவுக்கு நிகழ்காலத்தை நாடும் இடத்தில் தமிழ் இறந்தகாலத்தை நாடவும் இடமுண்டு என்பது இதனால் தெரிகிறது. நிகழ்கால வினைமுற்றுகள் தமிழில் நீண்டவையும் ஆகும். "விழுந்தேன்" என்பதைவிட "விழுந்துகொண்டிருக்கிறேன்" என்பது வாயிலும் தாளிலும் நீளமானது. ஆங்கில மூலத்தின் நிகழ்காலத்தை அப்படியே தமிழாக்கினால் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறையக்கூடும்.

வாக்கிய அமைப்பும் வேறுபடுகிறது. தமிழில் முற்றுவினை இறுதியில் வருவதால், வினையெச்சங்களை அடுக்கிச் சென்று முடிவைக் கடைசிச் சொல் வரை நிறுத்திவைக்கலாம். இக்கட்டுரைக்காக அமைக்கப்பட்ட பின்வரும் இரண்டு வடிவங்களை ஒப்பிடலாம்:

"கயிறு தளர்ந்து, உடல் பின்னோக்கிச் சாய்ந்து, கைகள் பனியைத் துழாவி, எதுவும் அகப்படாமல் விழுந்தேன்."

"கயிறு தளர்ந்தது. சாய்ந்தேன். கைகள் துழாவின. எதுவும் அகப்படவில்லை."

முதலாவதில் வாசகர் விழுதலை நோக்கி இழுத்துச் செல்லப்படுகிறார். இரண்டாவதில் ஒவ்வொரு முற்றும் ஒரு நிறுத்தம். விழுந்தாரா என்பது சொல்லப்படவே இல்லை. எதிர்மறை தமிழில் வினையின் ஈற்றில் வருவதும் பயனுள்ளது. "முடிச்சு தகட்டைக் கடக்கவில்லை" என்பதில், கடந்துவிட்டதா இல்லையா என்பது ஈற்றசைகள் வரும்வரை திறந்தே இருக்கிறது. "சிறு வாக்கியம் பதற்றம் தரும்" என்று பாடநூல்கள் கூறும் விதி முழு உண்மையன்று. நீண்ட வாக்கியத்துக்குப் பின் வரும் சிறு வாக்கியமே பதற்றம் தருகிறது. சிறு வாக்கியங்கள் மட்டுமே தொடர்ந்து வந்தால் அவை தந்தி போல ஒலிக்கத் தொடங்கும்.

எண்களும் கெடுவும்

சிம்ப்சனின் 20 நிமிடங்களைப் போன்ற எண்கள் இவ்வகை எழுத்தில் பெரும்பணி ஆற்றுகின்றன. வெலாஸ்கோவின் கைக்கடிகாரம் தெப்பத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. சுறாக்கள் நாள்தோறும் மாலை 5 மணிக்கு வந்ததாக அவர் கூறியதை மார்க்கேஸ் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். இதற்குப்பின் மணி 4 என்று எழுதினாலே போதும். சுறா என்ற சொல் தேவையில்லை.

ஜான் கிராக்கவர் 1997-ல் வெளியிட்ட "இன்டு தின் ஏர்" நூல், 1996 மே மாதம் எவரெஸ்ட் மலையில் வீசிய புயலில் எட்டுப் பேர் இறந்ததைப் பற்றியது. அத்தியாயங்களின் தலைப்பில் இடம், நாள், உயரம் ஆகியன தரப்பட்டுள்ளன. உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் பிற்பகல் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற விதி முன்னதாகவே வாசகருக்குச் சொல்லப்படுகிறது. பின்னர், உச்சிக்குச் செல்லும் வழியில் ஆட்கள் வரிசையாகக் காத்திருப்பதும், அமைதியான வானமும், மகிழ்ச்சியான முகங்களும் விவரிக்கப்படும்போது வாசகரின் கண் கடிகாரத்திலேயே இருக்கிறது. இரண்டு மணி கடக்கிறது. எவரும் திரும்பவில்லை. அந்தப் பகுதியில் அச்சமூட்டும் சொல் ஒன்றுகூட இருக்க வேண்டிய தேவையில்லை.

அடங்கிய குரல்

எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் எண்டுரன்ஸ் கப்பல் அன்டார்டிக்காவின் வெடல் கடலில் பனியால் நொறுக்கப்பட்டு 1915 நவம்பரில் மூழ்கியது. 1916-ல் அவர் ஐந்து பேருடன் ஒரு சிறு படகில் எலிபன்ட் தீவிலிருந்து தென் ஜார்ஜியா வரை ஏறத்தாழ 800 கடல்மைல் சென்று உதவி பெற்றார். கப்பலில் சென்ற 28 பேரும் உயிர்பிழைத்தனர். எட்வர்ட் சாண்டர்ஸ் என்ற நியூசிலாந்து இதழாளரின் துணையுடன் எழுதப்பட்டு 1919-ல் வெளிவந்த "சவுத்" நூலின் நடை, கடற்பயண அறிக்கையின் நடையை ஒத்தது. காற்றின் திசை, படகின் நிலை, உணவின் அளவு ஆகியவையே பேசப்படுகின்றன. துன்பம் குறைத்தே கூறப்படுகிறது. இதைக் குறைத்துக்கூறல் எனலாம். உணர்ச்சியைக் கூறுபவர் எடுத்துக்கொள்ளாததால் அது வாசகரிடம் விடப்படுகிறது. இத்தகைய வறண்ட நடையின் நடுவே, தென் ஜார்ஜியா மலைகளைக் கடக்கையில் தாங்கள் மூவர் அல்லர், நால்வர் என்று தோன்றியதாக ஷாக்கிள்டன் சுருக்கமாகக் குறிப்பிடும் இடம் மயிர்க்கூச்செறியச் செய்கிறது. அலங்காரம் மிகுந்த நூலில் அதே செய்தி கவனிக்கப்படாமலேயே போயிருக்கும்.

இத்தாலிய வேதியியலாளர் பிரீமோ லெவி, அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் தாம் கண்டதை 1947-ல் நூலாக வெளியிட்டார். தொழிற்சாலையில் எழுதப்படும் வாராந்திர அறிக்கையே தம் நடைக்கு முன்மாதிரி என அவர் பின்னாளில் கூறினார். செருமானியர் முகாமைக் கைவிட்ட பின் நோயாளிகள் கழித்த இறுதிப் பத்து நாட்களை விவரிக்கும் அத்தியாயம், 1945 சனவரி 18 முதல் 27 வரை நாள்வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வாசகருக்கு விடுதலையின் நாள் தெரியும். அறையில் கிடப்பவர்களுக்குத் தெரியாது. லெவியை மலையேறிகளுடன் ஒரே வகையில் வைப்பது சரியா என்ற கேள்வி நியாயமானதே. மலைக்குச் செல்பவர் தாமே விரும்பிச் செல்கிறார். முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவ்வாறு செல்லவில்லை. அதனால் அவர் எழுத்தில் பதற்றம் என்பது வாசிப்பின் சுவையாக மாறிவிடக் கூடாது. அடங்கிய நடை அதற்கு ஒரு காப்பாகவும் அமைகிறது.

நாட்குறிப்பு

நாட்குறிப்பில் மேசை இல்லை. எழுதுபவருக்கே முடிவு தெரியாது. 1912 சனவரி 17 அன்று தென்முனையை அடைந்து திரும்பும் வழியில் இறந்த ராபர்ட் பால்கன் ஸ்காட்டின் நாட்குறிப்பு அதே ஆண்டு நவம்பரில் அவருடைய கூடாரத்தில் கண்டெடுக்கப்பட்டது. அவர் உயிர்பிழைத்தவர் அல்லர். எனினும் இவ்வகை எழுத்தை ஆராய்வோர் இதை ஒதுக்குவதில்லை. உணவுக் கிடங்குக்கு எஞ்சிய தொலைவு, எரிபொருள், ஒரு நாளில் நடந்த மைல்கள் ஆகிய எண்கள் தாமாகவே சுருங்கிவருகின்றன. கடைசியில் தொலைவு 11 மைல் என்ற எண்ணில் நின்றுவிடுகிறது. இது உத்தி அன்று. ஆனால் உத்தியாக எழுதுபவர்கள் போலச்செய்ய முயல்வது இதையே. நாட்குறிப்பும் தூய ஆவணமாகவே வாசகரை அடைந்தது என்று கொள்ள முடியாது. 1913-ல் நூலாக அச்சிடப்பட்டபோது சில இடங்கள் பதிப்பிப்போரால் மாற்றப்பட்டன.

உண்மையும் பொறுப்பும்

பதற்றத்தைத் தரும் உத்திகள் எல்லாம், நான் அங்கே இருந்தேன், இவ்வாறு கண்டேன் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. நினைவு தவறும்போது உத்தி அத்தவறையும் உறுதியாக்கிவிடுகிறது. கிராக்கவர் முதலில் "அவுட்சைடு" இதழின் 1996 செப்டம்பர் வெளியீட்டில் எழுதிய கட்டுரையில், ஆண்டி ஹாரிஸ் என்ற வழிகாட்டி மலையிலிருந்து இறங்கி முகாமுக்கு மிக அருகில் வந்து, அங்கிருந்து வழிதவறி விழுந்து இறந்ததாகக் குறிப்பிட்டார். புயலில், மங்கிய ஒளியில் தாம் அவருடன் பேசியதாகவே கிராக்கவர் நம்பினார். பிற்பாடு, தாம் கண்டது வேறொரு குழுவைச் சேர்ந்த மற்றொருவர் என்பது அவருக்குத் தெரியவந்தது. ஹாரிஸ் அன்று மாலை கீழே வரவே இல்லை. மேலே அகப்பட்டிருந்த குழுத் தலைவருக்கு உதவ முயன்றிருந்தார் என்பதற்கான சான்றுகளே கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் ஹாரிஸின் குடும்பத்தினருக்குத் தவறான செய்தி சென்றிருந்தது. இப்பிழையை கிராக்கவர் தம் நூலில் மறைக்காமல் விவரித்தார். ஆக்சிஜன் குறைந்த மூளை கண்ட காட்சி, தன்மைநோக்கில் தெளிவாக எழுதப்பட்டபோது எவருக்கும் ஐயம் எழவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. காட்சி எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவு நம்பப்பட்டது.

அதே நூலில் அனதோலி பூக்ரியேவ் என்ற வழிகாட்டியின் செயல்களை கிராக்கவர் குறைகூறியிருந்தார். பூக்ரியேவ் தம் தரப்பை "த கிளைம்ப்" என்ற நூலில் 1997-லேயே வெளியிட்டார்; அவ்வாண்டு டிசம்பரில் அன்னபூர்ணா மலையில் பனிச்சரிவில் இறந்தார். புயலுக்கிடையே கூடாரத்தைவிட்டு வெளியேறி, வழிதவறிக் கிடந்த சிலரை அவர் மீட்டதை இரு நூல்களும் ஏற்கின்றன. ஒரே இரவைப் பற்றிய இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர், யாருடைய அறியாமைக்குள் தாம் வைக்கப்படுகிறோம் என்பதைப் பொறுத்துக் குற்றவாளி மாறுவதைக் காணலாம்.

சிம்ப்சனின் நூலுக்கும் இத்தகைய பின்னணி உண்டு. கயிற்றை அறுத்ததற்காக யேட்ஸ் மலையேறிகள் சிலரால் கடுமையாகக் குறைகூறப்பட்டார். அவரைக் காப்பது நூலை எழுதியதன் நோக்கங்களில் ஒன்று. நூல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. ஆயினும் தற்காப்பு வாதம் எதுவும் நூலில் நீளமாக இல்லை. யேட்ஸின் குரலைத் தனியே கொடுத்து, சரியும் பனிக்குழியில் வாசகரை அவருடன் அமரவைத்ததே வாதமாக அமைந்தது. அறுபட்டவரே அறுத்தவரின் பகுதியை எழுதினார் என்பது இவ்வகை எழுத்தில் அரிதானது.

மார்க்கேஸ் எழுதிய தொடரில் விளைவு நூலுக்கு வெளியே சென்றது. வெலாஸ்கோ பணிபுரிந்த கல்தாஸ் என்ற போர்க்கப்பலில் இருந்து 1955 பிப்ரவரி 28 அன்று எட்டு மாலுமிகள் கடலில் வீழ்ந்தனர். புயலே காரணம் என்று அரசு கூறியிருந்தது. நாள்தோறும் ஆறு மணிநேரமாக இருபது அமர்வுகளில் சிறுசிறு விவரங்களையும் கேட்டுப் பெற்ற மார்க்கேஸிடம், அன்று புயலே இல்லை என்று வெலாஸ்கோ கூறினார். மேல்தளத்தில் கட்டப்பட்டிருந்த குளிர்பதனப் பெட்டிகள், தொலைக்காட்சிகள், துணிதுவைக்கும் இயந்திரங்கள் முதலிய கடத்தல் சரக்கு, காற்றில் கப்பல் சாய்ந்தபோது சரிந்ததே விபத்துக்குக் காரணம். கடல் எப்படி இருந்தது என்ற ஒரு சிறு வருணனை, குஸ்தாவோ ரோகாஸ் பினிய்யாவின் இராணுவ ஆட்சிக்கு எதிரான சான்றாகிவிட்டது. அரசு மறுத்தது. சக மாலுமிகள் கப்பலில் எடுத்திருந்த ஒளிப்படங்களை நாளிதழ் தேடிப்பெற்று, பின்னணியில் பெட்டிகள் தெரியும்படி வெளியிட்டது. வெலாஸ்கோ தம் கூற்றிலிருந்து பின்வாங்கவில்லை. அவர் கடற்படையை விட்டு வெளியேற நேர்ந்தது. நாளிதழும் பின்னர் மூடப்பட்டது.

பாடமாக

சிம்ப்சன், ரால்ஸ்டன் ஆகியோரின் பகுதிகள் எடெக்செல் என்ற பிரித்தானியத் தேர்வு வாரியத்தின் பன்னாட்டு ஆங்கிலப் பாடத் தொகுப்புகளில் இடம்பெற்றவை. இத்தேர்வுகளில் "எழுத்தாளர் எவ்வாறு பதற்றத்தை உருவாக்குகிறார்" என்ற வகைக் கேள்வி வழமையானது. மாணவர்கள் உருவகம், சிறுவாக்கியம், நிகழ்காலம் என உத்திகளின் பெயர்களைப் பட்டியலிட்டு விடையளிப்பது பரவலாகக் காணப்படுகிறது. பெயரிடுவது எளிது. அந்த வரியில் வாசகருக்கு என்ன தெரியும், அகப்பட்டவருக்கு என்ன தெரியும், எழுதுபவர் எதைத் தெரிந்தும் சொல்லவில்லை என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. சிம்ப்சன் கயிற்றை இழுக்கும் பத்தியை இக்கேள்விகளுடன் படித்துப் பார்க்கலாம். அங்கு உருவகம் ஏதும் தேவைப்படுவதில்லை என்பது தெரியும்.